முதன்மைக் கதை விட்டுப்போன மனிதர்கள்

(ஜப்பானிய மாயச் சாகச அனிமேத் தொடர்களின் கிளைக்கதை எபிசோடுகள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பெண் சிப்பாய் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். பெயர் இல்சே லாங்னார். மதிலுக்கு வெளியே சென்ற படையில் அவளோடு வந்தவர்கள் இறந்துவிட்டார்கள். குதிரை போய்விட்டது. இடுப்பில் கட்டியிருந்த பறக்கும் கருவி பழுதாகிக் கிடக்கிறது. சுற்றிலும் மனிதரைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்கள் உலவும் வெட்டவெளி, மதிலோ வெகுதூரம். பிழைக்க வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். குறிப்பேட்டை எடுத்து, நடந்தபடியே எழுதத் தொடங்குகிறாள். எதிரே ஒரு டைட்டன் வந்து நிற்கிறது. அவளைத் தின்னாமல், தடுமாறித் தடுமாறிப் பேசுகிறது. ‘யிமிர்’ என்ற பெயரைச் சொல்லித் தலைகுனிந்து வணங்குகிறது. இல்சேயின் கை நடுங்குகிறது. ஆனால் பென்சில் நிற்கவில்லை. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று அதனிடம் கேள்விகளை அடுக்கி, நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அந்த டைட்டன் தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொண்டு அவள்மேல் பாயும்வரை எழுதுகிறாள்.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரைச் சேர்ந்த காட்சி இது. என்றாலும், 2013ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் வந்த முதல் சீசனின் 25 எபிசோடுகளை ஒன்றுவிடாமல் பார்த்தவருக்கும் இல்சேயைத் தெரிந்திருக்காது. அவளுடைய கதை அந்த ஆண்டு டிசம்பரில், அதன் மூலப் படக்கதையான மங்காவின் 12ஆம் தொகுதியினுடைய சிறப்புப் பதிப்போடு இணைப்பாகத் தரப்பட்ட டிஸ்க்கில் வந்தது. டைட்டன்களில் பேசக்கூடியது உண்டு, அதற்கு ஏதோ ஒரு நினைவும் உண்டு, யிமிர் என்ற பெயருக்கு அதனிடம் ஒரு பொருள் உண்டு என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரே எபிசோடில் இருந்தன. தொலைக்காட்சியின் இரண்டாம் சீசன் வர 2017 ஏப்ரல் ஆயிற்று. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, தொடரின் மிகப் பெரிய முடிச்சுகளில் ஒன்றின் நுனி ஒரு போனஸ் டிஸ்க்கில் கிடந்தது.

போனஸ் என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு என்பதைச் சொல்லவே இந்த உரை. மாயச் சாகசக் கதைகளில் முதன்மைக் கதை எப்போதும் அவசரத்தில் இருக்கும். அரக்கனை வெல்ல வேண்டும், ராஜ்யத்தை மீட்க வேண்டும், தொலைந்த உடலைத் திரும்பப் பெற வேண்டும். அந்த ஓட்டத்தில் நாயகனைத் தவிர மற்றவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தைக் கொடுப்பது கிளைக்கதை எபிசோடு. கொடுத்த நேரத்தை உருப்படியாகச் செலவிட்டவை எவை, வீணடித்தவை எவை என்று பார்ப்பதற்கு முன், இவை எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

எல்லாம் வீடியோ டெக்கில் தொடங்கியது. 1983 டிசம்பரில் ‘டல்லோஸ்’ என்ற படைப்பு ஜப்பானில் கேசட்டாக வெளிவந்தது. தயாரிப்பு ஸ்டுடியோ பியரோ. இயக்கியவர்களில் ஒருவர் மாமோரு ஓஷீ, பின்னாளில் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ படத்தை எடுத்தவர். தொலைக்காட்சியிலும் வராமல், திரையரங்குக்கும் போகாமல், நேரே வீட்டுக்கு விற்கப்பட்ட முதல் அனிமே என்ற பெயர் அதற்கு உண்டு. இந்த வகைக்கு ஓவிஏ என்று பெயர் நிலைத்தது. விளம்பரதாரர் கெடுபிடி இல்லை. இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படைப்பாளிகளுக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம் அது. 1990 முதல் 1991 வரை மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்த ‘ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்’ 13 எபிசோடுகளும் இப்படித்தான் வந்தன. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிய ஒரு கதாபாத்திர விளையாட்டின் பதிவு 1986இல் ‘கொம்ப்டீக்’ பத்திரிகையில் தொடராக வந்து, நாவலாக வளர்ந்து, பிறகு அனிமே ஆன கதை அது. எல்ஃப் பெண் டீட்லிட்டின் நீண்ட காதுகளை ஜப்பானியர் மனத்தில் நிலைநிறுத்தியதும் அதுவே.

அந்தக் காலத்தில் ஓவிஏ முழுக் கதையாக இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நள்ளிரவுத் தொலைக்காட்சி நேரம் அனிமேக்குத் திறந்துகொண்டது. பெரிய கதைகள் அங்கே குடியேறின. டிஸ்க்குக்கு மிஞ்சியது இணைப்பு வேலை. ஜப்பானில் இரண்டு எபிசோடு அடங்கிய ஒரு டிஸ்க்கின் விலை ஆறாயிரம் ஏழாயிரம் யென்னைத் தொடும். தொலைக்காட்சியில் இலவசமாகப் பார்த்துவிட்ட ஒன்றை இவ்வளவு பணம் கொடுத்து வாங்குபவருக்கு, தொலைக்காட்சியில் வராத ஏதாவது ஒன்று தர வேண்டாமா? அப்படித்தான் ‘ஒளிபரப்பாகாத எபிசோடு’ என்ற சரக்கு பிறந்தது. 2008இல் வந்த ‘ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்’ முதல் சீசனில் 7ஆம் எபிசோடே தொலைக்காட்சியில் வரவில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் டிவிடி வாங்க வேண்டியிருந்தது. கொடான்ஷா பதிப்பகம் இன்னொரு வழி கண்டது: மங்கா தொகுதியின் சிறப்புப் பதிப்போடு டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டி, முன்பதிவு செய்தவர்களுக்கு விற்பது. இல்சேயின் கதை வந்த வழி அதுதான். ‘ஃபேரி டெயில்’ தொடருக்கு மட்டும் 2011 முதல் 2016 வரை இப்படி 9 ஓவிஏக்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் ஹிரோ மஷிமா தம் முந்தைய படைப்பான ‘ரேவ்’ பாத்திரங்களை ‘ஃபேரி டெயில்’ கூட்டத்தோடு சந்திக்கவைத்தார்.

வியாபாரத் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வியாபாரம் ஒரு இடத்தைத் திறந்துவிட்டது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பது கதைக்காரர் கையில் இருந்தது.

அந்த இடத்தை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஹஜிமே கன்சாகாவைச் சொல்ல வேண்டும். அவருடைய ‘ஸ்லேயர்ஸ்’ 1989இல் ‘டிராகன் மேகசின்’ இதழில் தொடங்கியது. நாயகி லீனா இன்வர்ஸ். சாப்பாட்டையும் தங்கக் காசையும் ஒரே அளவில் நேசிக்கிற மந்திரவாதிப் பெண். உலகத்தையே அழிக்க வல்ல அரக்கர்களோடு அவள் மோதும் பெரிய கதை தனி நாவல்களாக வந்தது. இதழிலோ, அதற்கு முந்தைய காலத்தில் அவள் ஊர் ஊராகச் சுற்றிய சிறுகதைகள் வந்துகொண்டிருந்தன. 2000ஆம் ஆண்டுவரை பெரிய கதை 15 தொகுதிகளில் முடிந்து நின்றது. சிறுகதைகள் ‘ஸ்லேயர்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரில் 30 தொகுதிகள் போயின. கிளை மரத்தைவிட இரண்டு மடங்கு நீளம்!

அந்தச் சிறுகதைகளில் லீனாவுக்கு வழித்துணையாக வருபவள் நாகா. உயரம், அகன்ற தோள், பஞ்சத்தில் அடிபட்ட பை, காது கிழியும் சிரிப்பு. லீனாவின் மிகப் பெரிய போட்டியாளர் தானே என்று அவள் சொல்லிக்கொள்வாள். சோற்றுக்கு லீனாவிடமே ஒட்டிக்கொள்வாள். பெரிய கதையின் அந்த 15 தொகுதிகளில் அவள் ஒருபோதும் அடியெடுத்து வைப்பதில்லை. 1995இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் லீனாவோடு நடப்பவன் வாள்வீரன் கௌரி. நாகாவைப் பார்க்க வேண்டுமானால் திரைப்படங்களுக்கும் ஓவிஏக்களுக்கும் போக வேண்டும். தொலைக்காட்சித் தொடரில் வரும் இளவரசி அமேலியாவுக்கு வீட்டைவிட்டு ஊர்சுற்றப் போய்விட்ட ஒரு அக்கா உண்டு என்ற செய்தி உண்டு. அந்த அக்கா யார் என்று கிளைக்கதைகளைப் படித்தவர்களுக்கு மட்டும் புரியும். தங்கை ஒரு கதையில், அக்கா வேறொரு கதையில். இருவரும் லீனாவோடு நடந்தவர்கள். லீனாவுக்கு அந்த உறவு தெரியவே தெரியாது. இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் படிக்கிற வாசகர் ஒருவருக்குத்தான் அந்தக் குடும்பம் முழுதாகத் தெரிகிறது.

1996இல் தொடங்கி வந்த ‘ஸ்லேயர்ஸ் ஸ்பெஷல்’ ஓவிஏ மூன்றில் கண்ணாடிக் கதை ஒன்று இருக்கிறது. பழைய மந்திரவாதி ஒருவன் செய்த மாயக்கண்ணாடி; அதில் பிரதிபலிக்கும் ஆளுக்கு ஒரு நகல் வெளியே வரும். நகலுக்கு அசலின் ஆற்றல் முழுவதும் இருக்கும். குணம் மட்டும் நேர் எதிர். கண்ணாடியைக் கைப்பற்றிய வில்லன் லீனாவையும் நாகாவையும் அதன்முன் நிறுத்திவிடுகிறான். மலையைத் தகர்க்கும் சக்தியுள்ள இரண்டு நகல்கள் வெளியே வருகின்றன. வந்தவை கண்ணீர் மல்கச் சண்டை வேண்டாம் என்கின்றன. பணிவோடு மன்னிப்புக் கேட்கின்றன. அசல் லீனாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. தான் எப்படிப்பட்டவள் என்பதை, தனக்கு நேர் எதிரான ஒன்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகிறது. உலக அழிவை நிறுத்த ஓடும் லீனாவுக்கு இப்படி நின்று தன்னைப் பார்க்க நேரம் ஏது? அரை மணி நேரச் சிரிப்புக்குள் இவ்வளவு கூர்மையான குணச்சித்திரம் அமைந்திருப்பதுதான் ‘ஸ்லேயர்ஸ்’ கிளைக்கதைகளின் தனிச் சிறப்பு.

சிரிப்பிலிருந்து நேர் எதிர்த் திசைக்குப் போவோம்.

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ 2009 ஏப்ரல் முதல் 2010 ஜூலை வரை 64 எபிசோடுகள் ஓடியது. ஹிரோமு அரகாவாவின் மங்காவைத் தழுவிய தொடர். தயாரிப்பு போன்ஸ் ஸ்டுடியோ. இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று, எட்வர்ட் ஒரு காலையும் கையையும், தம்பி அல்போன்ஸ் முழு உடலையும் இழந்த கதை. இறந்தவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அந்த உலகத்தின் அடிப்படைச் சட்டம். புளூ-ரே, டிவிடி வரிசையோடு நான்கு கிளைக்கதை எபிசோடுகள் தரப்பட்டன. முதலாவது, ‘பார்வையற்ற ரசவாதி’. தன் மங்கா தொடர்பான கையேட்டுப் புத்தகம் ஒன்றுக்காக அரகாவா தனியே வரைந்த மங்காக் கதை அது.

ஒரு பணக்காரக் குடும்பத்தில் ஊழியம் பார்க்கும் ரசவாதி, அந்த வீட்டின் இறந்த மகளைத் தாம் உயிர்ப்பித்துவிட்டதாக நம்புகிறார். விலையாகக் கொடுத்தது தம் இரு கண்கள். வீட்டில் ஒரு சிறுமி ஓடி விளையாடுகிறாள். ரோசலி என்று கூப்பிட்டால் ஓடி வருகிறாள். ரசவாதியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அங்கே வரும் எல்ரிக் சகோதரர்கள், எட்வர்டும் அல்போன்ஸும், வியந்து போகிறார்கள். முடியவே முடியாது என்று தாங்கள் உடலைக் கொடுத்துக் கற்றது பொய்யா? வீட்டு எஜமானி அவர்களைத் தனியே அழைத்துப் போய்ப் பூட்டிய அறையைத் திறந்து காட்டுகிறாள். ரசவாதம் உண்டாக்கியது அங்கே கிடக்கிறது. வெளியே விளையாடும் சிறுமி, சாயலுக்காகத் தேடிக் கொண்டுவந்து வளர்க்கப்படும் அநாதைக் குழந்தை. கண்களைத் தந்தவரிடம் உண்மையைச் சொல்ல வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அவர் ஒருவருக்காக ஒரு குடும்பம் முழுவதும் நாள்தோறும் நடிக்கிறது.

இந்த எபிசோடில் முதன்மைக் கதை ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. எட்வர்ட் எதையும் கண்டுபிடிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனால் 64 எபிசோடுகளும் சொல்ல வந்த விதியை இதைவிடக் கடுமையாகச் சொன்ன இடம் தொடரில் மிகக் குறைவு. சகோதரர்கள் தங்கள் தோல்வியை அறிந்தவர்கள். அதனால் மேலே நடக்க முடிகிறது. இந்த மனிதருக்கோ தாம் தோற்றதே தெரியாது. அதை ஒரு கருணை என்பதா, தண்டனை என்பதா? அரகாவா பதில் சொல்லவில்லை.

அதே வரிசையில் இரண்டாவது எபிசோடு மிகச் சின்ன விஷயத்தைப் பற்றியது: எட்வர்டின் இயந்திரக் கையைப் பழுதுபார்க்கும் வின்ரியின் காதுத் தோடுகள். தொடர் முழுவதும் அவள் காதுகளில் வரிசையாகத் தோடுகள் மின்னும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ராணுவ அதிகாரி ரிசா ஹாக்கையின் தோட்டைப் பார்த்து ஆசைப்பட்டு அவள் காது குத்திக்கொண்டாள். எட்வர்ட் தன் இயந்திரக் கையை உடைத்துக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம், அவள் திட்டுக்குப் பயந்து சகோதரர்கள் ஒரு ஜோடித் தோடு வாங்கி வருவார்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. மறுபக்கம், வின்ரியின் கூந்தலைப் பார்த்துத்தான் ரிசா தன் முடியை நீளமாக வளர்க்கத் தொடங்கினாள். துப்பாக்கி சுடுவதில் பெயர்பெற்ற ஒரு வீராங்கனையும் கிராமத்து மெக்கானிக் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்தபின் தொடரை மறுபடி பார்ப்பவர், வின்ரி திரும்பும்போதெல்லாம் காதைக் கவனிப்பார்.

கிளைக்கதை என்றால் எல்லாமே இப்படி இருக்கும் என்று யாரும் ஏமாற வேண்டாம். பெரும்பகுதி வெந்நீர் ஊற்றுக் குளியலும் கடற்கரையும் நீச்சலுடையுமாகவே வந்திருக்கிறது. ‘டன்மாச்சி’ என்று சுருக்கி அழைக்கப்படும் நிலவறைச் சாகசத் தொடருக்கு 2016இல் வந்த ஓவிஏ, நிலவறைக்குள் ஒரு வெந்நீர் ஊற்றைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. தொடரில் தங்களுக்கென்று ஆசையும் அச்சமும் கொண்ட பெண்கள் இங்கே வெறும் உடலாக வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். எபிசோடு முடியும்போது யாருக்கும் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் ரசிகருக்கு இதுவே போதும் என்று தயாரிப்பாளர்கள் முடிவுகட்டியது வருந்தத் தக்கது. கேலியும் கூத்தும் குற்றமில்லை. ‘கோனோசுபா’வின் 2016ஆம் ஆண்டு ஓவிஏயில் நாயகன் கசுமா மாயக் கழுத்துப்பட்டை ஒன்றை மாட்டிக்கொள்கிறான்; அவன் ஆசை நிறைவேறாவிட்டால் அது நாளுக்கு நாள் இறுகிக் கொன்றுவிடும். எந்த ஆசை என்று அவனுக்கே தெரியாது. கொச்சையான நகைச்சுவைதான். இருந்தும், உயிர் போகும் நேரத்திலும் அவன் எவ்வளவு அற்பமாக யோசிப்பான் என்பது அதில் அம்மணமாக வெளிப்படுகிறது. பாத்திரத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பதுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலால் அளந்தால் ‘யோனா ஆஃப் தி டான்’ ஓவிஏக்களுக்கு மிக உயர்ந்த இடம் தர வேண்டும். மிசுஹோ குசனாகியின் மங்கா. பியரோ ஸ்டுடியோவின் 24 எபிசோடு தொலைக்காட்சித் தொடர், 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை. தந்தையைக் கொன்று அரியணை ஏறியவனிடமிருந்து தப்பி ஓடும் இளவரசி யோனா, பழங்கதையில் வரும் நான்கு டிராகன் வீரர்களைத் தேடி அலைகிறாள். வெள்ளை டிராகனுக்கு நகமுள்ள கை, நீல டிராகனுக்கு உயிர் உறையவைக்கும் கண், பச்சை டிராகனுக்கு வானம் தாவும் கால். ஒவ்வொருவரும் எங்கே வளர்ந்தார், யாரால் காயப்பட்டார் என்று தொடர் பொறுமையாகச் சொல்கிறது. நான்காமவன் ஜெனோ, மஞ்சள் டிராகன், கடைசியில் தானாக வந்து சேர்கிறான். வயிறு நிறையச் சாப்பிடுகிறான், எப்போதும் சிரிக்கிறான். அவன் சக்தி என்ன என்று கேட்டால், உடம்பு கெட்டியாம். அதோடு தொலைக்காட்சித் தொடர் முடிகிறது. பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: மற்ற மூவருக்கும் இவ்வளவு செய்துவிட்டு நான்காமவனை வேடிக்கைப் பாத்திரமாக விட்டுவிட்டார்களே!

2016இல், மங்காத் தொகுதிகளோடு வந்த இரண்டு ஓவிஏக்களில் பதில் கிடைத்தது. மற்ற மூவரும் தலைமுறை தலைமுறையாகச் சக்தியைப் பெற்றவர்கள். ஜெனோ மட்டும் முதல் தலைமுறை. அவனே தான், அன்றிலிருந்து இன்றுவரை. மஞ்சள் டிராகனின் வரம் சாகாமை. வெட்டுப்பட்ட இடத்தில் செதில் முளைக்கும், மறுபடி எழுவான். முதல் மன்னன் இறந்தான், உடன்பிறவாச் சகோதரர்களாக இருந்த மற்ற மூன்று வீரர்களும் வயதாகி இறந்தார்கள். ஜெனோ பதினேழு வயது முகத்தோடு நின்றான்.

அந்த எபிசோடுகளில் காயா என்ற பெண் வருகிறாள். நோயாளி, மற்றவருக்குத் தொற்றிவிடும் என்று ஊரைவிட்டு விலகி ஒற்றைக் குடிசையில் வாழ்கிறாள். நாதியற்று அலைந்து விழுந்துகிடந்த ஜெனோவை எடுத்துவந்து சோறு போடுகிறாள். அவன் நலம் கெட்டுவிடக்கூடாது என்று கிளம்பிப் போகச் சொல்கிறாள். நோயே அண்டாத உடம்பு தனக்கு என்பதை அவன் சொல்ல முடியாமல் சொல்கிறான். இருவரும் மணந்துகொள்கிறார்கள். சாகவே முடியாதவனும் சீக்கிரம் சாகப் போகிறவளும் ஒரே குடிசையில் வாழ்ந்த அந்தச் சில காலம், ஓவிஏயின் சில நிமிடங்களில் வந்துபோகிறது. இதைப் பார்த்தபின், தொலைக்காட்சித் தொடரின் கடைசி எபிசோடில் ஜெனோ சிரிப்பது வேறாகத் தெரிகிறது. யோனாவின் முகத்தை அவன் ஏன் அப்படிப் பார்த்தான் என்பதும் விளங்குகிறது.

இது நியாயமா என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். நான்கு வீரர்களில் மூவர் கதை எல்லோருக்கும், நான்காமவன் கதை சிறப்புப் பதிப்பு வாங்கியவருக்கு மட்டும் என்றால் அது பார்வையாளருக்கு இழைத்த அநீதியே. ‘சுபாசா’ விஷயத்திலும் இப்படி நடந்தது. கிளாம்ப் குழுவின் மங்காவைத் தழுவி 2005, 2006 ஆண்டுகளில் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 52 எபிசோடுகள் வந்தன. சிறுவர் பார்க்கும் நேரம் என்பதால் ரத்தமும் கொடூரமும் தவிர்க்கப்பட்டன. மங்காவில் இல்லாத இடைக்கதைகள் சேர்க்கப்பட்டன. மூலக் கதையின் மிகப் பெரிய திருப்பம், நாயகன் ஷாவோரான் உண்மையில் யார் என்பது, அமில மழை பெய்யும் இடிந்த டோக்கியோவில் வெளிப்படுகிறது. அந்தப் பகுதியை என்.எச்.கே. தொடவில்லை. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை, மங்காவின் 21, 22, 23ஆம் தொகுதிகளோடு மூன்று டிஸ்க்குகளாக புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. இசை, தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த அதே யூகி கஜியுராவுடையது. இணைப்பாக வந்தது மையம். ஊருக்கெல்லாம் ஒளிபரப்பானது ஓரம்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. ‘ரீ:ஜீரோ’ தொடரில் நாயகி எமிலியாவும் பக் என்ற ஆவிப் பூனையும் பனிக்காட்டில் எப்படிச் சந்தித்தார்கள் என்ற முன்கதை, முதலில் ஜப்பானியப் புளூ-ரேயோடு தரப்பட்ட குறுநாவலாகத்தான் இருந்தது. 2019 நவம்பரில் அது ‘ஃப்ரோஸன் பாண்ட்’ என்ற பெயரில் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. ‘மாகி’ தொடரின் சின்பாத் கதை 2014, 2015இல் ஐந்து ஓவிஏக்களாக வந்து, 2016இல் 13 எபிசோடுத் தொலைக்காட்சித் தொடராகவே ஆயிற்று. படைவீரன் லீவாயின் இளமைக் கதை, ‘அட்டாக் ஆன் டைட்டன்’ புளூ-ரேயோடு கொடுத்த கணினிக் கதை விளையாட்டில் பிறந்து, மங்காவாகி, அதன்பிறகு ‘நோ ரிக்ரெட்ஸ்’ என்று இரண்டு எபிசோடாயிற்று. இணைப்புக்கே ஒரு இணைப்பு! எயிச்சிரோ ஓடா ‘ஒன் பீஸ்’ மங்காவின் தலைப்புப் பக்கங்களில் வாரம் ஒரு படமாக, தோற்று ஓடிய எதிரிகள் பிறகு என்ன ஆனார்கள் என்று வரைந்துவந்ததும் இதே குடும்பம்தான். முதலில் அப்படி வந்த பக்கி என்ற கோமாளிக் கொள்ளையனின் அலைச்சலை, தொலைக்காட்சித் தொடர் 46, 47ஆம் எபிசோடுகளாகவே எடுத்தது. தோற்றவனுக்கும் மறுநாள் விடியும் என்று ஒரு கதாசிரியர் நினைத்ததன் விளைவு அது.

சமீபத்திய உதாரணம் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘முஷோகு டென்செய்’ தொடரில், மில்லிஷன் நகரத்தில் நாயகன் ரூடியஸ் பல ஆண்டுகளுக்குப் பின் தந்தை பால் என்பவரைச் சந்திக்கிறான். தந்தையும் மகனும் வாய்க்கு வந்ததைப் பேசி, கைகலந்து, பிரிகிறார்கள். தொடரின் மிக வலுவான பகுதிகளில் ஒன்று. அன்று காலையில் தோழி எரிஸ் கோப்ளின் வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பாள். ஒரே ஒரு வசனம். அதன்பிறகு கேமரா ரூடியஸோடு போய்விடுகிறது.

2022 மார்ச்சில் புளூ-ரேயின் நான்காம் தொகுதியோடு வந்த எபிசோடு, எரிஸோடு போகிறது. தன்னந்தனியாக வேட்டையாடி, தானும் ஒரு சாகசக்காரி என்று காட்ட அவளுக்கு ஆசை. வழியில் கிளிஃப் என்ற செருக்குப் பிடித்த மந்திரவாதிச் சிறுவன் ஒட்டிக்கொள்கிறான். அவனைக் கொல்ல வந்த ஆட்களை எரிஸ் வாளால் சமாளிக்கிறாள். பெருமையோடு, சொல்ல ஆயிரம் கதையோடு விடுதிக்குத் திரும்புகிறாள். அங்கே ரூடியஸ் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவு நேரம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சையெல்லாம் அவள் விழுங்கிவிடுகிறாள். அவனைத் தேற்றுகிறாள்.

தொலைக்காட்சி எபிசோடில் எரிஸ் தேற்றுவதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்காக அவள் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது ஓவிஏ பார்த்தவருக்குத்தான் தெரியும். அதே நாள், அதே அறை. கேமரா வைத்த இடம் மாறியதும் முரட்டுப் பெண் என்று எண்ணியிருந்தவள் அந்தக் கூட்டத்திலேயே பக்குவமானவளாகத் தெரிகிறாள். கிளிஃப்பும் சும்மா வந்துபோகிற ஆள் அல்ல. 2023இல் வந்த இரண்டாம் சீசனில் மந்திரப் பல்கலைக்கழகத்தில் ரூடியஸின் தோழனாக நிலைக்கிறான். ஓவிஏவைத் தவறவிட்டவர்களுக்கு, இவனுக்கு எரிஸை எப்படித் தெரியும் என்று குழப்பம் ஏற்பட்டிருக்கும்.

இப்போது டிஸ்க் வாங்கும் பழக்கம் குறைந்துவிட்டது. கிளைக்கதைகளும் இடம் மாறிவிட்டன. ‘ஸ்லைம்’ தொடரின் ‘கோலியஸின் கனவு’ 2023 நவம்பரில் மூன்று எபிசோடுகளாக நேரே இணையத்தில் வந்தது. ‘ஃப்ரீரென்’ தொடருக்குச் சின்னஞ்சிறு மாயங்களைப் பற்றிய குட்டிப் படங்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றன. பழையவற்றின் நிலைதான் கவலை தருகிறது. ஸ்ட்ரீமிங் தளங்களில் தொடரின் உரிமை ஒருவரிடமும் ஓவிஏயின் உரிமை வேறொருவரிடமும் சிக்கிக்கொள்கிறது. இருக்கும் தளத்திலும் எல்லா சீசன்களுக்கும் கீழே, ‘சிறப்பு’ என்றொரு மூலையில் போட்டுவைக்கிறார்கள். அங்கே போய்த் தேட வேண்டும் என்று புதிதாகப் பார்க்க வருபவருக்கு யார் சொல்வார்கள்? 24ஆம் எபிசோடோடு ‘யோனா’வை மூடிவைத்தவர், ஜெனோவை ஒரு சாப்பாட்டு ராமன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘ஜுஜுட்சு கைசன்’, ‘சோலோ லெவலிங்’ போன்ற தொடர்கள் கிரஞ்சிரோல் தளத்தில் தமிழ்க் குரலில் கிடைக்கத் தொடங்கிவிட்டன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் வசனங்களைத் தமிழிலேயே சொல்லி விளையாடும் காலம் இது. அடுத்தடுத்து இன்னும் பல சாகசத் தொடர்கள் தமிழுக்கு வரும்.

தமிழ் டப்பிங்குக்குத் தொடர்களைத் தேர்வு செய்பவர்கள் கிளைக்கதை எபிசோடுகளையும் சேர்த்தே எடுங்கள். நான்கைந்து எபிசோடுகளுக்கான கூடுதல் செலவு பெரிதல்ல. எடுத்தவற்றைக் கடைசியில் குவித்துவைக்காமல், கதையில் அவை நிகழும் இடத்திலேயே வரிசைப்படுத்துங்கள்: எரிஸின் வேட்டை, மில்லிஷன் எபிசோடுகளுக்குப் பக்கத்தில், ஜெனோவின் கதை, 24ஆம் எபிசோடு முடிந்த உடனே, இல்சேயின் குறிப்பேடு, இரண்டாம் சீசன் தொடங்குவதற்கு முன். பார்ப்பவர்களும், ஒரு தொடர் முடிந்ததும் அதற்கு ஓவிஏ உண்டா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அடுத்த தொடருக்குப் போங்கள்.